ஸ்க்ரூவா, ஸ்பிரிங்கா, லக்கா, சாலிடரா: எந்த ஒயருக்கு எந்த டெர்மினல்?

கன்ட்ரோல் பேனல் கட்ட உட்காருகிறவர் முதலில் திகைத்து நிற்கும் இடம் டெர்மினல்தான். ஒரே 2.5 சதுர மி.மீ. ஒயர், எம்சிபியில் (மின்னோட்டம் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச்) ஸ்க்ரூவுக்குள் நுழைகிறது. டெர்மினல் பிளாக்கில் ஸ்பிரிங் அதைக் கவ்விக்கொள்கிறது. மோட்டார் பெட்டியில் லக் (ஒயர் நுனியில் நசுக்கிப் பொருத்தும் உலோக முனை) மாட்டி நட்டு முறுக்குகிறோம். ஹீட்டரில் தட்டையான தகட்டில் செருகுகிறோம். சர்க்யூட் போர்டில் ஈயம் வைக்கிறோம். இந்த ஐந்தில் எதை எங்கே எடுப்பது, எதை எடுத்தால் பின்னால் என்ன செலவு வந்து சேரும் என்பதைப் பார்ப்போம்.

## டெர்மினல் என்றால் என்ன?

சர்க்யூட் படத்தில் டெர்மினல் ஒரு சின்ன வட்டம். ஒரு பாகத்துக்குள் மின்சாரம் போய் வரும் வாசல். ரெசிஸ்டருக்கு இரண்டு வாசல், எதை எந்தப் பக்கம் மாட்டினாலும் ஒன்றுதான். டயோடுக்கும் இரண்டுதான், ஆனால் ஆனோடையும் கேத்தோடையும் மாற்றி மாட்டினால் சர்க்யூட் வேலை செய்யாது. டிரான்சிஸ்டருக்கு பேஸ், கலெக்டர், எமிட்டர் என மூன்று.

பெரிய பாகங்களில் வாசலின் பெயர் மேலேயே பொறித்திருக்கும். கான்டாக்டரில் (மோட்டார் போன்ற பெரிய லோடை இயக்கும் மின்காந்த சுவிட்ச்) ஏ1, ஏ2 என்றால் காயில், அதாவது அதன் மின்காந்தச் சுருள். 1, 3, 5 லைன் பக்கம். 2, 4, 6 லோடு பக்கம். துணைத் தொடர்புகளில் கடைசி இலக்கத்தைப் பாருங்கள்: 13–14 போல 3, 4 என்று முடிந்தால் காயில் இழுக்கும்போது மூடும் (இணைப்பு சேரும்), 21–22 போல 1, 2 என்று முடிந்தால் இழுக்கும்போது திறக்கும் (இணைப்பு பிரியும்). ஓவர்லோடு ரிலேயில் (மோட்டார் அளவுக்கு மீறி மின்னோட்டம் இழுத்தால் ட்ரிப் ஆவது) 95–96 ட்ரிப் ஆனதும் திறக்கும், 97–98 மூடும். வாகன ரிலேயில் 85, 86 காயில். 30 பொது முனை. 87 ரிலே இழுத்ததும் சேரும். 87ஏ இழுத்ததும் பிரியும். இதைப் படிக்காமல் எவ்வளவு அழகாக லக் அடித்தாலும் பயன் இல்லை.

படத்தில் இருக்கும் வட்டத்துக்கு மின்தடை கிடையாது. கையில் இருக்கும் டெர்மினலுக்கு உண்டு. வழவழப்பாகத் தெரியும் செம்பும் பித்தளையும் நுண்ணிய அளவில் மேடும் பள்ளமுமாகத்தான் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்து வைத்தால் சில முகடுகள் மட்டுமே தொடும். அழுத்த அழுத்த முகடுகள் நசுங்கும், மேலே படிந்த ஆக்சைடு உடையும், தொடும் பரப்பு கூடும், மின்தடை இறங்கும்.

கணக்குப் போட்டால் விஷயம் புரியும். இணைப்பின் மின்தடை 1 மில்லி ஓம், ஓடுவது 16 ஆம்பியர் என்றால் அங்கே உண்டாகும் வெப்பம் 16 × 16 × 0.001, அதாவது கால் வாட். 10 மில்லி ஓம் ஆனால் 2.56 வாட். ஸ்க்ரூ தளர்ந்து, செம்பு கறுத்து, 100 மில்லி ஓமுக்குப் போய்விட்டால் 25.6 வாட். ஒரு சிறிய சாலிடரிங் அயர்ன் எம்சிபியின் பிளாஸ்டிக் உடலுக்குள் இரவும் பகலும் எரிவதற்குச் சமம் இது. அப்போதும் அங்கே இழப்பது வெறும் 1.6 வோல்ட். விளக்கு மங்காது. மின்னோட்டம் கூடாததால் எம்சிபியும் ட்ரிப் ஆகாது. பிளாஸ்டிக் கருகும் வாடைதான் முதல் அறிவிப்பு.

ஆகவே எந்த டெர்மினலைக் கையில் எடுத்தாலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இதில் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பது எது, பத்து வருடம் கழித்தும் அது பிடித்திருக்குமா?

## எதை வைத்து எடை போடுவது

ஒயர். ஒற்றை இழையா, பல இழையா, தலைமுடி போன்ற மெல்லிழையா? செம்பா, அலுமினியமா? எத்தனை சதுர மி.மீ.? பாதித் தேர்வு இதிலேயே முடிந்துவிடும்.

மின்னோட்டமும் அது ஓடும் நேரமும். தினமும் ஐந்து நிமிடம் ஓடும் 16 ஆம்பியரும் எட்டு மணி நேரம் ஓடும் 16 ஆம்பியரும் ஒன்றல்ல.

அதிர்வும் சூடும். மோட்டார், கம்ப்ரஸர், வாகனம், ஆடும் கதவு. சூடேறி ஆறுவதும் ஒருவகை அசைவுதான்.

எத்தனை முறை கழற்றுவோம். வாழ்நாளில் ஒருமுறையா, மாதம் ஒருமுறையா?

கையில் இருக்கும் கருவி. இதைத்தான் பலரும் கணக்கில் சேர்ப்பதில்லை. சரியான கிரிம்பிங் டூல் (லக்கை ஒயர் மேல் நசுக்கும் கருவி) இல்லாதவர் அடித்த லக், ஒழுங்காக முறுக்கிய சாதாரண ஸ்க்ரூவைவிட மோசமானது.

## 1. ஸ்க்ரூ டெர்மினல்

அழுத்தத்தைப் பிடிப்பது: ஸ்க்ரூவின் மரை.

இதில் மூன்று வகை உண்டு. முதல் வகையில் ஸ்க்ரூவின் நுனியே ஒயர் மேல் ஏறி அழுத்தும். மலிவான நைலான் கனெக்டர் ஸ்ட்ரிப்பில் பார்க்கலாம். சுழலும் நுனி மெல்லிழைகளை வெட்டிவிடும். இரண்டாவதில் ஸ்க்ரூத் தலைக்கு அடியில் ஒரு தகடு உண்டு. அதுவும் இல்லாமல் வெறும் தலைதான் என்றால், ஒயரைக் கடிகார முள் ஓடும் திசையில் வளைத்து மாட்ட வேண்டும். அப்போதுதான் முறுக்கும்போது வளையம் உள்ளே இழுக்கும், எதிர்த்திசையில் வளைத்தால் பிதுங்கி வெளியே வரும். மூன்றாவது, ஸ்க்ரூவைத் திருகத் திருகக் கீழிருந்து மேலே ஏறும் கூண்டு. எம்சிபிகளில் பெரும்பாலும் இதுதான்.

கூண்டு வகையில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று. கூண்டு முழுவதும் திறக்காமல் பாதியில் நிற்கும்போது, ஒயர் கூண்டுக்குள் போகாமல் அதன் அடியில் நழுவிப் போகும். ஸ்க்ரூ இறுகும், கைக்கு நன்றாகவே தெரியும். ஆனால் கூண்டு தன் சொந்தத் தகட்டைத்தான் கடித்துக்கொண்டிருக்கும். ஒயர் கீழே சும்மா கிடக்கும். மாட்டும் முன் ஸ்க்ரூவை முழுவதும் தளர்த்துங்கள், மாட்டிய பின் ஒயரைப் பிடித்து ஒரு இழுப்பு இழுங்கள். உருவிக்கொண்டு வந்தால் அடியில்தான் போயிருக்கிறது.

எவ்வளவு முறுக்குவது? தயாரிப்பாளர் பாகத்தின் மேலேயே டார்க் (முறுக்கு விசை) அளவைப் போட்டிருந்தால் அதுதான் வேதம். போடாத இடத்தில் பொதுவாக எடுத்துக்கொள்ளும் அளவுகள்: எம்3 ஸ்க்ரூவுக்கு 0.5 நியூட்டன் மீட்டர், எம்3.5க்கு 0.8, எம்4க்கு 1.2, எம்5க்கு 2.0. கை மதிப்பில் சிறிய ஸ்க்ரூவை அதிகமாகவும் பெரியதைக் குறைவாகவும் முறுக்குவதே வழக்கம். சின்னதில் மரை போகும், பெரியதில் தளர்வு மிஞ்சும்.

பல இழை ஒயரின் நுனியில் ஈயம் பூசி ஸ்க்ரூவில் மாட்டும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஈயக் கலவை மென்மையானது. அழுத்தத்தில் அது மெல்ல மெல்ல ஒதுங்கும். இன்று இறுக்கமாக இருக்கும் ஸ்க்ரூ சில மாதங்களில் தானே தளர்ந்து நிற்கும், யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். அதற்குப் பதில் ஃபெரூல் போடுங்கள்: ஒயர் நுனியில் மாட்டி அமுக்கும் சிறு செம்புக் குழாய், பின் லக் என்றும் சொல்வார்கள். சில இடங்களில் ஒயரில் மாட்டும் எண் வளையத்துக்கும் ஃபெரூல் என்றே பெயர் என்பதால் வாங்கும்போது தெளிவாகக் கேளுங்கள். பரவலான ஜெர்மன் நிற வரிசையில் 0.75 சதுர மி.மீ. சாம்பல், 1 சிவப்பு, 1.5 கறுப்பு, 2.5 நீலம்.

அலுமினியம் இங்கே தனிப் பிரச்சினை. ஒரு டிகிரி சூட்டுக்கு அலுமினியம் மீட்டருக்கு 23 மைக்ரோ மீட்டர் அளவு நீள்கிறது, செம்பு 17. ஒவ்வொரு முறை சூடேறி ஆறும்போதும் கொஞ்சம் நசுங்கி, கொஞ்சம் தளர்கிறது. மேலே படியும் ஆக்சைடு மின்சாரத்தைக் கடத்தாது. அலுமினியத்துக்கு ஏற்றது என்று குறியிட்ட டெர்மினலில் மட்டுமே மாட்ட வேண்டும்.

மறைமுகச் செலவு: டார்க் ஸ்க்ரூடிரைவர், ஃபெரூல், அதற்கான டூல், பிறகு பராமரிப்பு நேரம். லோடு ஏறி ஓடிய சில வாரங்களில் ஒருமுறை அதே அளவில் டார்க்கைச் சோதிக்க வேண்டும். சோதிப்பது வேறு, ஒவ்வொரு முறையும் கால் சுற்று கூட்டுவது வேறு. பின்னது செம்பைப் பிதுக்கி மரையை அழிக்கும். ஒரே ஸ்க்ரூவில் தடித்ததும் மெலிந்ததுமாக இரண்டு ஒயர் திணித்தால் மெலிந்தது எப்போதும் தளர்வுதான்.

எங்கே சிறந்தது: ஒற்றை இழைச் செம்பு ஒயர், அடிக்கடி கழற்றி மாட்டும் இடம், டெர்மினலில் வரும் ஒயரின் அளவு வேலைக்கு வேலை மாறக்கூடிய இடம்.

## 2. ஸ்பிரிங் டெர்மினல்

அழுத்தத்தைப் பிடிப்பது: எஃகு ஸ்பிரிங்.

செம்பு கொஞ்சம் நசுங்கினால் ஸ்பிரிங்கும் கூடவே இறங்கி வந்து பிடிக்கும். இந்த ஒரே குணத்தால்தான் அதிர்வு உள்ள இடங்களில் ஸ்க்ரூவை இது வெல்கிறது. மறுபடி இறுக்கும் வேலையும் இல்லை, எவ்வளவு இறுக்குவது என்ற சந்தேகமும் இல்லை.

செருகு வகையில் ஒற்றை இழை ஒயரையோ ஃபெரூல் போட்ட ஒயரையோ நேராகத் தள்ளினால் போதும். ஃபெரூல் இல்லாத மெல்லிழை ஒயரைத் தள்ளினால் இழைகள் மடங்கிக் குவியும். பொத்தானையோ ஸ்க்ரூடிரைவரையோ அழுத்தி ஸ்பிரிங்கைத் திறந்துதான் விட வேண்டும்.

இதில் தோல்விக்குக் காரணம் பெரும்பாலும் தோல் உரித்த நீளம். பிளாக்கின் பக்கவாட்டில் எழுதியிருக்கும், பெரும்பாலும் 8 முதல் 12 மி.மீ.க்குள். குறைத்து உரித்தால் ஸ்பிரிங் பிளாஸ்டிக் தோலைக் கடித்துக்கொண்டு நிற்கும்; தொடர்பு விட்டு விட்டு வரும், தேடிக் கண்டுபிடிக்க ஒரு நாள் போகும். கூடுதலாக உரித்தால் வெறும் செம்பு வெளியே தெரியும்.

மறைமுகச் செலவு: ஒரு துளைக்கு ஒரு ஒயர் என்பதால் இணைப்புகளைப் பகிர ஜம்பர் (டெர்மினல்களை ஒன்றோடொன்று இணைக்கும் துண்டு) வாங்க வேண்டும். அகலம் பொருந்தாத ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் ஸ்பிரிங் வளைந்து போகும், 2.5 சதுர மி.மீ. பிளாக்குகளுக்குப் பெரும்பாலும் 3.5 மி.மீ. அகல முனை பொருந்தும். ஒருமுறை கடுமையாகச் சூடேறிய ஸ்பிரிங் விறைப்பை இழந்துவிடும், அந்த பிளாக்கை மாற்றியே ஆக வேண்டும். கழற்றிய ஒற்றை இழை ஒயரில் ஸ்பிரிங் கடித்த தடம் இருக்கும். நுனியை வெட்டிப் புதிதாக உரித்து மாட்டுங்கள். தடித்த கேபிள்களுக்கு இந்த வகை பெரிதாகவும் விலை கூடியதாகவும் ஆகிவிடும்.

எங்கே சிறந்தது: 0.5 முதல் 6 சதுர மி.மீ. வரையான கன்ட்ரோல் ஒயரிங், நூற்றுக்கணக்கான இணைப்புகள் உள்ள பேனல், அதிரும் இயந்திரம்.

## 3. லக் அடித்து நட்டு முறுக்குவது

அழுத்தத்தைப் பிடிப்பது: ஒயர் பக்கம் நசுங்கிய உலோகம், மறுபக்கம் போல்ட்டும் ஸ்பிரிங் வாஷரும்.

திம்பிள் என்று கேட்டாலும் கிடைக்கும். இங்கே இணைப்பு ஒன்றல்ல, இரண்டு என்பதை மறக்காதீர்கள். சரியான டையில் (அளவுக்கேற்ப டூலில் மாட்டும் அச்சு) அடித்த கிரிம்ப்புக்குள் இழைகளும் குழாயும் காற்று புகாதபடி ஒன்றாகிவிடும். உள்ளே ஆக்சைடு வளர வழியே இல்லை. இந்த ஐந்தில் அதிக மின்னோட்டத்துக்கு இதற்கு இணை வேறில்லை.

லக்கில் 10–6 என்று இருந்தால் 10 சதுர மி.மீ. ஒயர், எம்6 போல்ட் என்று பொருள். தோல் போட்ட சிறிய லக்குகளில் சிவப்பு 1.5 வரை, நீலம் 2.5 வரை, மஞ்சள் 4 முதல் 6 வரை. பெரிய லக் வாங்கி ஒயரை மடித்துத் திணித்து நிரப்புவது வெறும் கண்துடைப்பு. அளவுக்கு மேல் பெரிய குழாய் ஒருநாளும் முழுதாக நசுங்காது. கட்டிங் பிளேயரால் நசுக்குவதும் அப்படியே. வெளியே தட்டையாகத் தெரியும், உள்ளே இழைகள் தளர்ந்தே இருக்கும். முழுச் சுற்று முடியாமல் திறக்காத ராட்செட் வகை டூல்தான் தேவை.

நட்டுப் பக்கம் வாஷரின் வரிசையில் கவனமாக இருங்கள். லக்கின் தட்டையான முகம் பஸ்பாரை (மின்சாரம் ஓடும் உலோகப் பட்டை) நேராகத் தொட வேண்டும். அதன் மேல் தட்டை வாஷர், அதன் மேல் ஸ்பிரிங் வாஷர், பிறகு நட்டு. லக்குக்கும் பஸ்பாருக்கும் நடுவே வாஷர் வந்துவிட்டால் மின்சாரம் முழுவதும் அதன் வழியாகத்தான் ஓட வேண்டும். ஸ்டெயின்லெஸ் எஃகின் மின்தடைத் தன்மை செம்பைவிடச் சுமார் 40 மடங்கு அதிகம். நூறு ஆம்பியர் இன்வெர்ட்டர் லைனில் அந்த ஒரு வாஷர் பேட்டரி முனையையே உருக்கிவிடலாம்.

மோட்டார் பெட்டியில் இன்னொரு எச்சரிக்கை: மேல் நட்டை முறுக்கும்போது அடி நட்டை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளுங்கள். ஸ்டட் (நட்டு ஏறும் மரைக் கம்பி) சுழன்றால் அடியில் இருக்கும் வைண்டிங் முனை அறுந்துவிடும், பிறகு மோட்டாரைப் பிரிக்க வேண்டும். வளைய லக் நட்டு தளர்ந்தாலும் கழன்று விழாது. கவை லக் விழும். அதனால் எர்த்துக்கும் மோட்டாருக்கும் வளையம் மட்டுமே. அலுமினியக் கேபிளைச் செம்புப் பஸ்பாரில் மாட்டுவதென்றால் ஒரு பக்கம் அலுமினியமும் மறுபக்கம் செம்புமான பைமெட்டாலிக் லக் வேண்டும். இல்லாவிட்டால் ஈரம் பட்டதும் அலுமினியம் அரிக்கும்.

மறைமுகச் செலவு: டூலும் ஒவ்வொரு அளவுக்கும் டையும். தவறாக அடித்த லக்கை வெட்டி எறிய வேண்டும், ஒவ்வொரு தடவையும் கேபிள் சில சென்டிமீட்டர் குறையும். முதலிலேயே கொஞ்சம் நீளம் விட்டு வைப்பது நல்லது.

எங்கே சிறந்தது: மோட்டார், பேட்டரி, பஸ்பார், எர்த், 10 சதுர மி.மீ.க்கு மேற்பட்ட எதுவும்.

## 4. தகட்டில் செருகும் டெர்மினல்

அழுத்தத்தைப் பிடிப்பது: பெண் முனையின் (தகட்டின் மேல் செருகும், ஒயர் பக்க முனை) சுருண்ட இரு காதுகள்.

2.8, 4.8, 6.3 மி.மீ. அகலங்களில் வரும். ஹீட்டர், கெப்பாசிட்டர், வாகன ரிலே, ஸ்பீக்கர் எல்லாவற்றிலும் இதுதான். ஒரு நொடியில் மாட்டலாம். ஆனால் ஒவ்வொரு முறை உருவும்போதும் காதுகள் கொஞ்சம் விரியும். தளர்ந்தால் சூடு, சூட்டில் பித்தளை மேலும் தளரும். நிறம் மாறி நீலம் பூத்த முனையைப் பிளேயரால் அமுக்கி மறுபடி மாட்டாதீர்கள், புதிதாக அடியுங்கள். அடிக்கும்போது முன் சிறகு செம்பையும் பின் சிறகு தோலையும் பிடிக்க வேண்டும். பத்து ஆம்பியருக்குக் கீழே, அரிதாகக் கழற்றும் இடத்தில் இது போதும்.

## 5. சாலிடர்

இங்கே அழுத்தமே இல்லை. உருகிய ஈயக் கலவை செம்போடு ஒட்டி ஒன்றாகிறது. 63/37 வெள்ளீய–காரீயக் கலவை 183 டிகிரி செல்சியஸில் உருகும், காரீயம் இல்லாத பொதுவான கலவைகள் 217க்கு மேல். சர்க்யூட் போர்டுக்கு இதைவிட நல்லது கிடையாது. தொங்கும் ஒயருக்கு ஆகாது: ஈயம் இழைகளுக்குள் ஏறி நின்ற இடத்தில் ஒயர் விறைத்துவிடும், அந்த எல்லையில்தான் ஆடி ஆடி அறும். ஒயரை முதலில் துளையில் கொக்கி போட்டுப் பிடிக்கவைத்து, பிறகே பற்றவையுங்கள்.

## ஒரே பார்வையில்

| | ஸ்க்ரூ | ஸ்பிரிங் | லக் | தகடு | சாலிடர் |
|---|---|---|---|---|---|
| ஒற்றை இழை | மிக நன்று | மிக நன்று | தவிர்க்கலாம் | தவிர்க்கலாம் | நன்று |
| மெல்லிழை | ஃபெரூலுடன் | ஃபெரூலுடன் நன்று | மிக நன்று | நன்று | நன்று |
| அதிக மின்னோட்டம் | பெரிய கூண்டு வகையில் | நடுத்தரம் | மிக நன்று | கூடாது | கூடாது |
| அதிர்வு | சுமார் | மிக நன்று | நன்று | சுமார் | ஒயரைத் தாங்கிப் பிடித்தால் மட்டும் |
| அடிக்கடி கழற்ற | நன்று | நன்று | நன்று | கூடாது | கூடாது |
| தேவையான கருவி | டார்க் ஸ்க்ரூடிரைவர் | சாதாரண ஸ்க்ரூடிரைவர் | ராட்செட் டூல், டை | கிரிம்பிங் டூல் | சாலிடரிங் அயர்ன் |
| வழக்கமான தோல்வி | தளர்வு | உரித்த நீளம் | தவறான டை | காது விரிவது | இழை அறுவது |

## எதை எடுப்பது

புதிதாகக் கன்ட்ரோல் பேனல் கட்டுகிறவர் செருகு ஸ்பிரிங் பிளாக்கும் ஃபெரூலும் எடுக்கட்டும். பிளாக்கின் விலை கூடுதல்தான், ஆனால் வேலை நேரமும் மறுபடி இறுக்கும் நேரமும் மிச்சம். ஏற்கெனவே ஸ்க்ரூ பிளாக் உள்ள பேனலில் நான்கைந்து ஒயர் மட்டும் சேர்ப்பவர் ஸ்க்ரூவோடே போகலாம். வகை கலந்தால் அடுத்து வருகிறவர் குழம்புவார். பேட்டரி, இன்வெர்ட்டர், மோட்டார் என்றால் லக் தவிர வேறு பேச்சு வேண்டாம். நல்ல டூல் இல்லையென்றால் அதை வைத்திருப்பவரிடம் கொடுத்து அடித்து வாங்குங்கள். ஒரே ஒரு டூல் வாங்கத்தான் வழி என்றால் ஃபெரூல் அடிக்கும் ராட்செட் டூலை வாங்குங்கள். ஸ்க்ரூ, ஸ்பிரிங் இரண்டுக்கும் அது உதவும்.

மாட்டி முடித்ததும் ஒவ்வொரு ஒயரையும் இழுத்துப் பாருங்கள். டார்க் போட்ட ஸ்க்ரூத் தலையிலிருந்து உடல்வரை மார்க்கரால் ஒரு கோடு போட்டு வையுங்கள். கோடு விலகியிருந்தால் சுழன்றிருக்கிறது என்று கண்ணாலேயே தெரியும். மல்டிமீட்டரின் ஓம் அளவில் வைத்து இணைப்பைச் சோதிக்க முடியாது, அதன் ஒயர்களுக்கே சுமார் 0.1 முதல் 0.3 ஓம் உண்டு. 12 வோல்ட் பேட்டரி லைனில், லோடு ஓடும்போது பேட்டரி முனைக்கும் கேபிள் லக்குக்கும் நடுவே மில்லிவோல்ட் அளந்து பாருங்கள்: 100 ஆம்பியரில் 50 மில்லிவோல்ட் வந்தால் அந்த இடத்தில் 5 வாட் சூடாக வீணாகிறது. மெயின்ஸ் பேனலில் மீட்டர் முனையை உள்ளே நீட்டாமல் வெப்பக் கேமராவால் பாருங்கள். பளபளக்கும் உலோகம் கேமராவுக்கு உண்மையைவிடக் குறைந்த சூட்டைக் காட்டும், அதனால் டெர்மினலை ஒட்டிய ஒயர்த் தோலைக் குறி வையுங்கள். மூன்று ஃபேஸும் ஒரே அளவு எடுக்கும் மோட்டாரில் ஒரு ஃபேஸ் மட்டும் சூடாகத் தெரிந்தால், சப்ளையை நிறுத்தி, மின்சாரம் இல்லை என்று சோதித்து, கழற்றி, கறுத்த நுனியை வெட்டிவிட்டுப் புதிய செம்பில் மாட்டுங்கள். கறுத்ததை அப்படியே விட்டு ஸ்க்ரூவை மட்டும் முறுக்கினால் இறுகுவது ஆக்சைடுதான்.